பேயோட்டிக்கு இரண்டு உலகம் இல்லை

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு சனிக்கிழமை இரவு. பிறந்தநாள் கேக் வெட்டியாயிற்று, கொத்துரொட்டியும் முடிந்தது. ஆண்கள் நாங்கள் கராஜில் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரின் அக்கா மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியன், தான் எடுக்கப்போகிற குறும்படத்தின் கதையைச் சொன்னான். கதாநாயகன் ஒரு பேயோட்டி. பகலில் பிளாக்டவுனில் பொதி ஏற்றுகிற வேலை, இரவில் ஆவிகளோடு பேச்சு. மனிதர்கள் அவனை நம்புவதில்லை, ஆவிகள் அவனை விடுவதில்லை. "ரெண்டு உலகத்துக்கும் நடுவில கிழிபடுற ஒருத்தன், அங்கிள்" என்றான். எல்லோரும் தலையாட்டினோம். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் மட்டும், "படத்துக்குச் சரி தம்பி. உண்மையில உவங்கள் எல்லாம் கள்ளர். எங்கட சனம் படிச்சதோட அந்தக் கதை முடிஞ்சுது" என்றார். அதற்கும் தலையாட்டினோம்.

கார் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெடியனைப் பொறுத்தவரை பேயோட்டியின் தொழில் ஆவியோடு. ஐயாவைப் பொறுத்தவரையும் அதேதான், ஆவி என்று ஒன்று கிடையாது, ஆகவே தொழில் பொய். சந்திரனில் நிலம் விற்கிறவனைப் பற்றி ஒருவர் கவிதை எழுதுகிறார், மற்றவர் பொலிசுக்குப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நிலம் சந்திரனில்தான் இருக்கிறதா என்று இருவரும் கேட்கவில்லை. பேயோட்டியின் தொழில் குடும்பத்தோடு. அவர் கிழிபட்டால் அது ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு தரப்புக்கு நடுவில். இதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் புகழ்ந்தாலும் சரி, ஏசினாலும் சரி, ஆள் மாறிப்போகிறது.

பெடியனின் படிமம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. 1973இல் வந்த 'தி எக்ஸோர்சிஸ்ட்' படத்தில் காரஸ் என்ற பாதிரியார் மனநல வைத்தியராகவும் இருப்பார், விசுவாசம் ஆட்டம் கண்டவராகவும் இருப்பார். அன்று முதல் உலகத்துப் பேயோட்டிகள் எல்லோருக்கும் அந்தச் சோர்ந்த முகத்தை மாட்டிவிட்டோம். எங்கள் பக்கத்தில் 1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' வந்தது, 2005இல் அது 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. அதில் வைத்தியரும் சாமியாரும் கூட்டுச் சேர்ந்து காரியத்தை முடிக்கிறார்கள். பாட்டையும் சண்டையையும் கழித்துப் பார்த்தால், பேயோட்டல் பற்றி நம் சனம் பார்த்த படங்களில் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது அதுதான் என்பேன்.

ஊரில் நான் பத்து வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து வளவில் புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளை. சீதன வீடு கட்டி முடியாததால் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். ஆடி மாதம் தொடங்கிச் சாப்பாடு இல்லை, பின்னேரங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு விழுவாள், ஆண்குரலில் ஏசுவாள். பரிகாரியார் வந்து நாடி பார்த்தார், பிறகு பூசாரியார் வந்தார். சைக்கிளில் வந்தவர் உடுக்கை எடுக்கவில்லை. திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஒரு மணித்தியாலம் கேள்விதான். கிணற்றில் தண்ணி அள்ளுறது ஆர்? வீட்டு அத்திவாரம் எந்த மட்டில் நிக்குது? காணி உறுதி எழுதியாச்சோ? பிள்ளை கடைசியாத் தாய் வீட்டை போனது எப்ப? மாமியார் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. நாங்கள் பிள்ளைகள் சாம்பிராணிப் புகைக்காக வேலியில் தொங்கிக்கொண்டு நின்று அலுத்துப்போனோம்.

பிறகுதான் உடுக்கு, வேப்பிலை, தேசிக்காய் எல்லாம் வந்தன. பேய் தன் பெயரைச் சொன்னது. எப்போதோ கிணற்றில் விழுந்து செத்த ஒருவன். "என்ன வேணும் உனக்கு?" என்று அதட்டினார். பொரித்த மீன் கேட்டது. அதற்குப் பிறகு, "அம்மா வீட்டில மூண்டு நாள்" என்றது. கிணற்றில் விழுந்த ஆம்பிளைப் பேய்க்கு இந்தப் பிள்ளையின் அம்மா வீட்டில் என்ன அலுவல் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பூசாரியார் சிரிக்கவும் இல்லை. மாமியார் பக்கம் திரும்பி, "கேட்டுதோ?" என்றார்.

அந்த 'கேட்டுதோ'தான் தொழில். பேய் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும், கொடுத்தவர்களுக்கும் மானக்கேடு இல்லை. மருமகள் அதையே தன் வாயால் கேட்டிருந்தால் வாய்க்காரி என்று பெயர் வந்திருக்கும். திண்ணையில் போன அந்த ஒரு மணித்தியாலத்தை எந்தப் படமும் எடுக்காது. எடுத்தால் ரசிகர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

இதைக் கேட்டுப் பேயோட்டி என்றால் பெண்களின் பக்கம் நின்ற புண்ணியவான் என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் பேயோட்டிகளோடு இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டுவது வேறு முகம். அங்கேயும் பேய் பிடிப்பது பெரும்பாலும் புதுப்பெண்களை. பேய் என்று பெயர் சொல்லப்படுகிறவன் அகாலமாகச் செத்தவன், ஆசை நிறைவேறாமல் போனவன். பெண்ணின் தலைமுடியில் ஒரு பிடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்துப் பேயைக் கட்டிவிடுகிறார்கள். அந்த முடியோடு சேர்த்து அவளுடைய விருப்பம் ஒன்றும் மரத்தில் அறையப்படுகிறது, அவள் புருஷனிடம் திருப்பி அனுப்பப்படுகிறாள் என்பது நூலின் வாசிப்பு. எனக்கு இது முழுக்கச் சரி என்று படவில்லை, என் பக்கத்து வளவுப் பிள்ளைக்கு மூன்று நாள் கிடைத்தது. ஆனால் தட்சிணை கொடுக்கிறது யார் என்று பார்த்தால் நபோகோவின் கோபம் விளங்கும். காசு மாமியார் வீட்டிலிருந்து வருகிறது, அழுகை மருமகளிடமிருந்து வருகிறது. பூசாரியாரின் கிழிசல் அங்கே இருக்கிறது, அதற்கு எந்த ஆவியும் தேவையில்லை.

சரி, இரண்டு உலகத்துக்கு நடுவில் உண்மையாகவே மாட்டுப்பட்டவர்கள் யாரும் இல்லையா? இருந்தார்கள். மட்டக்களப்பில் இருந்தார்கள். 1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்திலிருந்து 158 பேரை இராணுவம் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. அது ஒரு நாளில், ஒரு இடத்தில். அந்த ஆண்டுகளில் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் இப்படி வீட்டுக்கு வீடு. காணாமல் போனவர்களின் தாய்மார் இராணுவ முகாமுக்குப் போனார்கள், "இங்கே இல்லை" என்று பதில் வந்தது. பொலிசுக்குப் போனார்கள், அங்கேயும் அதே பதில். பிறகு அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுகிறவர்களிடம் போனார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் தொண்ணூறுகளில் இதை அருகில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். மகன் இருக்கிறானா இல்லையா என்று தாய் கேட்பாள். ஆடுகிறவரின் உடம்பிலே அந்தப் பிள்ளைக்கு நடந்தது இறங்கும். அடி விழுந்தது, கட்டி வைத்தது எல்லாம் அவர் உடம்பு காட்டும். தாய் அதைப் பார்த்து அழுவாள், கூட நிற்கிறவர்களும் அழுவார்கள். பொது இடத்தில் சத்தமாக அழுவதே ஆபத்தாக இருந்த காலம்.

இருப்புக்கும் இறப்புக்கும் நடுவில் நிறுத்தப்பட்டவன் அந்தப் பிள்ளை. அவனை அங்கே நிறுத்தியது துவக்கு வைத்திருந்தவர்கள். மரணச் சான்றிதழும் இல்லை, ஆளும் இல்லை. ஆடியவர் செய்தது, வேறு யாருமே கேட்க மறுத்த கேள்வியை ஊருக்கு முன்னால் கேட்க விட்டது. காணாமல்போனோர் அலுவலகம் என்று ஒன்றை அரசு 2016இல் சட்டமாக்கி 2018இல் திறந்தபோது, மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் அதே கேள்வி கால் நூற்றாண்டாகக் கேட்கப்பட்டிருந்தது. 'கள்ளர்' என்று கராஜில் சொல்வது சுலபம் ஐயா. அந்தத் தாய் வேறு எந்தக் கந்தோருக்குப் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு மனநல வைத்தியராக இருந்து பின் அடிலெய்டிலும் பணியாற்றிய தயா சோமசுந்தரம் இதை ஒதுக்கவில்லை. அவரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு வந்த 'பேய் பிடித்த' நோயாளிகளையும் கோயிலில் கலை வருகிறவர்களையும் வைத்து ஒப்பிட்டது. பின்னவர்கள் ஊருக்குள் மதிப்போடு, நன்றாக இயங்கி வாழ்கிறவர்கள். முன்னவர்களுக்கு மருந்து தேவை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறவர் பகுத்தறிவுவாதி என்று தன்னைச் சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை.

இதற்கு மறுப்பாக ஏர்வாடியைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடி தர்காவுக்கு அருகே ஓலைக்கொட்டகையில் நடந்த தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் எரிந்து செத்தார்கள். பேய், பில்லி, தர்கா என்று போனால் இப்படித்தான் முடியும் என்று அன்றைக்கு எழுதாத பத்திரிகை இல்லை.

கொஞ்சம் நின்று பார்ப்போம். சங்கிலியைப் போட்டது யார்? தர்காவில் ஓதுகிறவர் போடவில்லை. விடுதி நடத்தியவர் போட்டார், மாதக்காசு கட்டிவிட்டு ஊருக்குப் போன குடும்பம் கேட்காமல் விட்டது. தர்காவில் வழமை என்னவென்றால், நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து வந்து தங்கி, போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பது. வீட்டார் தங்க மனமில்லாமல் போன இடத்தில் விடுதி முளைத்தது. மாநிலத்தின் பெரிய அரசு மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில், இராமநாதபுரத்திலிருந்து ஒரு இரவுப் பயணம். கொட்டகைக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் இடையில் அந்தக் குடும்பங்களுக்கு அரசு வைத்திருந்தது மிகக் கொஞ்சம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. அது ஓதுவதைத் தடைசெய்யவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு எது கொன்றது என்று தெரிந்திருக்கிறது.

ஏர்வாடி எரிந்து ஒரு வருடத்துக்குள், 2002இல், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் கூட்டாளிகளும் செய்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயில். மனநோயாளிகள் வந்து தங்குகிற இடம். 31 பேரை வந்த நாளிலும் போகிற நாளிலும் அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 20 வீதம் குறைந்திருந்தது, சில மாத்திரைகள் கொடுக்கிற பலனுக்குக் கிட்டத்தட்டச் சமம். அங்கே நடந்தது என்ன? உடுக்கும் இல்லை, சாட்டையும் இல்லை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூட ஒரு வீட்டாள் இருப்பது, யாரும் விரட்டாமல் இருப்பது. 31 பேர் சிறிய எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை, அதனால் இதைத் தூக்கிக்கொண்டு ஆட நான் வரவில்லை. கூட ஒரு வீட்டாள் இருந்ததை மட்டும் கவனியுங்கள். ஏர்வாடிக் கொட்டகையில் அதுதான் இல்லாமல் போயிருந்தது.

இப்போது நாங்கள் கேக் வெட்டிய ஊருக்கு வருகிறேன். 2011 நவம்பர் 18ஆம் திகதி அதிகாலை குவேக்கர்ஸ் ஹில் முதியோர் இல்லத்தில் இரண்டு இடங்களில் தீ வைக்கப்பட்டது. 11 பேர் இறந்தார்கள். சங்கிலி இல்லை, பூசாரி இல்லை, அரசு அனுமதி பெற்ற இல்லம். தீ வைத்தவர் அங்கே இரவு வேலை செய்த, பதிவுபெற்ற தாதி. வலிநிவாரணி மாத்திரைகளைத் திருடியிருந்தார், அது வெளிப்படப் போகிறது என்ற பயம். பொலிசாரிடம் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சாத்தான் சொல்வதுபோல இருந்தது என்பது. 2013இல் அவருக்கு ஆயுள் சிறை.

படித்த சனத்தோடு பேய்க்கதை முடிந்துவிட்டது என்கிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஊரில் பேய் பேசியது மருமகளின் வாயால், தாய் வீட்டுக்குப் போகக் கேட்டு. இங்கே சாத்தான் பேசியது குற்றம் செய்தவரின் வாயால், குற்றத்தைத் தள்ளிவிட. இரண்டும் ஒரு சாதி இல்லை. நீதிமன்றம் சாத்தான் இருக்கிறானா என்று விசாரிக்கவில்லை, எத்தனை மாத்திரை குறைந்தது, யார் எங்கே நின்றது என்று விசாரித்தது. எங்கள் பூசாரியார் திண்ணையில் இருந்து விசாரித்ததும் ஏறக்குறைய அந்த வகைக் கேள்விகளைத்தான். பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு முதியோர் இல்லங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய்களைக் கட்டாயமாக்கியது. 11 பேர் போன பிறகு.

பேயோட்டல் கொன்றதே இல்லையா என்றால், கொன்றிருக்கிறது. 1993 ஜனவரியில் விக்ரோரியா மாநிலத்தில் ஆன்ட்வேர்ப் என்ற சின்ன ஊரில் ஒரு விவசாயியின் மனைவி, ஏற்கனவே மனநோய் என்று சொல்லப்பட்டவர், கட்டிவைக்கப்பட்டு, கழுத்து அமுக்கப்பட்டு இறந்தார். செய்தவர்கள் கணவரும் தெரிந்தவர்களும். அவர் உயிர்த்தெழுவார் என்று காத்திருந்தார்கள். 2007இல் நியூசிலாந்தின் வைநுயோமாட்டாவில் 22 வயதுப் பெண் ஒருவர், சாபம் கழிக்கிறோம் என்று உறவினர்கள் ஊற்றிய தண்ணீரில் மூச்சுத்திணறிப் போனார். 2009இல் ஐந்து உறவினர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பூட்டிய வீட்டுக்குள் வீட்டாரும் வேண்டியவர்களுமே பேயோட்டிகளாக மாறியது. மூன்றாம் தரப்பாகத் திண்ணையில் இருந்து கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கையும் இல்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அன்னலீஸ மிசேல் என்ற மாணவிக்கு, ஆயரின் அனுமதியோடு, முறைப்படி, இரண்டு பாதிரிமார் 67 தடவை பேயோட்டினார்கள். 1976 ஜூலை 1ஆம் திகதி, 23 வயதில், சாப்பிடாமல் வற்றி இறந்துபோனார். பெற்றோரும் பாதிரிமாரும் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே பேயோட்டிகள் இருந்தார்கள், அனுமதி இருந்தது, முறை இருந்தது. பெடியனின் படத்தில் வருவதுபோல இரண்டு உலகத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். அதனால் முன்னால் எலும்பாகிக்கொண்டிருந்த உடம்பை விட்டுவிட்டு அதற்குள் இருப்பவனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தன் தொழில் ஆவியோடு என்று பேயோட்டியே நம்பத் தொடங்கினால் வருகிற ஆபத்து இது. எங்கள் பூசாரியாருக்கு முன்பு பரிகாரியார் வந்து நாடி பார்த்தார் என்று மேலே எழுதியதை வாசகர் கவனிக்காமல் போயிருக்கலாம்.

நாங்கள் இருக்கிற ஊரின் பெயரில் வரும் குவேக்கர் என்ற சொல்லுக்கே நடுங்குகிறவர் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடவுளுக்கு முன் உடல் நடுங்கியவர்களை ஊர் கேலியாக அழைத்த பெயர் அது. எங்கள் ஊராக இருந்தால் கலை வந்துவிட்டது என்றிருப்போம். அந்த நடுங்கிகளின் வழியில் வந்த ஹன்னா மில்ஸ் என்ற பெண் 1790இல் யோர்க் நகரத்துப் பைத்தியசாலையில் இறந்தார். அதைப் பொறுக்காத வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி 1796இல் சங்கிலி இல்லாத ஒரு இல்லத்தைத் திறந்தார். தோட்ட வேலை, நல்ல சாப்பாடு, மரியாதையான பேச்சு. வேலாயுதம்பாளையம்புதூர்காரர்களுக்கு அந்த இடத்தைக் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இன்று குவேக்கர்ஸ் ஹில்லில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் குடும்ப வைத்தியர் ஒரு திட்டம் எழுதித் தருவார், வருடத்துக்குப் பத்துத் தடவை உளவியலாளரைப் பார்க்க மெடிகெயர் காசு கொடுக்கும். போரில் அடிபட்டவர்களுக்கு ஸ்டார்ட்ஸ் நிறுவனம் 1988இலிருந்து இருக்கிறது. நல்ல விசயங்கள், போகவேண்டும், போகாதவர்களை இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஆனால் அந்த அறைக்குள் மாமியார் வருவதில்லை. மருமகள் தனியாகக் கதிரையில் இருந்து தன் மனத்தைப் பற்றிச் சொல்கிறாள். "பயந்திட்டன்" என்கிறாள், மொழிபெயர்ப்பாளர் அதைப் பதற்றம் என்கிறார். வீட்டுக்கு வந்தால் வீடு அதே வீடு.

அதனால்தான் நம் சனம் இன்னும் ஊருக்குப் போன் எடுக்கிறது. வாட்ஸப்பில் நூல் ஓதி, விபூதி தபாலில் வந்து, காசு வங்கியில் போகிறது. ஐயாவின் 'கள்ளர்' பட்டத்துக்கு மிகப் பொருத்தமானவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. திண்ணையை எடுத்துவிட்டால் உடுக்குச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் ஒரு தடவை வேறு மாதிரி நடந்தது. தெரிந்த ஒரு வீடு, எந்தத் தெரு என்று வேண்டாம். பிள்ளை பெற்று மூன்று மாதமான மருமகள், நித்திரை இல்லை, தனியே கதைக்கிறாள். வைத்தியர் மருந்து கொடுத்திருந்தார். மகனும் தாயும் அதோடு ஊரில் ஒரு கிழவரை வீடியோ அழைப்பில் பிடித்தார்கள். நான் பால்மா கொடுக்கப் போனவன், கதவடியில் நின்றேன். கிழவர் மந்திரம் எதையும் தொடங்கவில்லை. மருந்து குடிக்கிறாவோ என்று முதலில் கேட்டார். இரவில் பிள்ளை அழுதால் எழும்புறது ஆர் என்று கேட்டார். மகன் ஏதோ சொன்னான். கிழவர் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, போனைத் திருப்பு. குசினியைக் காட்டு. அங்க நிக்கிற அம்மாவையும் காட்டு" என்றார்.

மகன் தாயைப் பார்த்தான். பிறகு, "நெட் விட்டு விட்டு வருது ஐயா, பிறகு எடுக்கிறன்" என்று அழைப்பை வெட்டினான்.